விருந்து மூன்று நாள். உறவு ஏழு நாள்

பள்ளித் தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை பிறந்தவுடன் நகரத்து இல்லங்களில் தவறாது எழும் வினா ஒன்று உண்டு: "இவ்வாண்டு எங்கே செல்வது?" உதகையும் கொடைக்கானலும் முதலில் நினைவுக்கு வருகின்றன. சொந்த ஊர் கடைசியில்தான் வருகிறது. சில வீடுகளில் வருவதே இல்லை. "அங்கே என்ன இருக்கிறது? வெயிலும் புழுதியும்தானே!" என்று சொல்லிவிடுகிறோம். தாத்தாவும் பாட்டியும் வாழும் வீடு, திருமணத்திற்கும் துக்கத்திற்கும் அரை நாள் போய்வரும் இடமாகச் சுருங்கிவிட்டது. இந்நிலை இன்னும் ஒரு தலைமுறை நீடிக்குமாயின், பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் கடைத்தெருவில் எதிர்ப்பட்டாலும் ஒருவரையொருவர் அறியாமல் கடந்து செல்வர்.

ஆகவே, விடுமுறையில் ஒரு வாரத்தையேனும் ஊருக்கென்று ஒதுக்குங்கள் என வேண்டுகிறோம். அந்த வாரம் எவ்வாறு அமையலாம் என்பதைக் காவிரிப் படுகையில், திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றை மனத்திற்கொண்டு ஈண்டு எழுதுகிறோம். பிற மாவட்டத்தார் தத்தம் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

வெறும் வயல் அன்று

மே மாதத்தில் தஞ்சை மண்ணைக் காணும் நகரத்துப் பிள்ளை ஏமாற்றம் அடைவது இயல்பே. பாடநூலில் கண்ட பச்சை வயல் எங்கே? கண்ணுக்கெட்டிய தூரம் வெடித்த நிலமும் தாளும்தான் தெரிகின்றன. ஆனால் அந்த நிலம் வாளா கிடக்கவில்லை என்பதை உடனிருந்து சொல்ல ஒரு பெரியவர் வேண்டும்.

சம்பா தை, மாசியில் அறுவடையாகிறது. அறுவடைக்குச் சில நாட்கள் முன்னரே, நிற்கும் பயிருக்கிடையில் ஈரம் காயுமுன் உளுந்தையும் பயற்றையும் தெளித்துவிடுவர். நெல் அறுத்த பின், மீந்த ஈரத்தையும் பனியையும் கொண்டே அவை விளைந்துவிடும். பயற்றஞ்செடி காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சுகளில் சேர்த்து நிலத்திற்கு உரமாக்குகிறது. அதன்பின் கோடை மழை ஒன்று பெய்ததும் உழுதுபோடுவர். புரண்ட மண்ணிலுள்ள களைகளும் பூச்சிகளின் கூட்டுப்புழுக்களும் வெயிலில் அழியும். அடுத்த மழைநீர் ஓடிவிடாமல் உள்ளிறங்கும்.

இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலிருந்து ஆட்டு மந்தைகள் வந்து சேர்வதும் இக்காலத்தில்தான். இரவில் வயலிலே கிடை போடுவர். மந்தைக்குத் தலைவரான கீதாரியிடம் நிலக்காரர் பேசி முடிப்பது, இத்தனை ஆடு, இத்தனை இரவு என்ற கணக்கில். விடிந்தபின் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். ஆட்டுக்குட்டிகளைக் காணும் மகிழ்ச்சியோடு, சோறு எங்கிருந்து வருகிறது என்ற பாடமும் அவர்களுக்குக் கிட்டும். ஆழ்குழாய்க் கிணறு உள்ள இடங்களில் எள்ளும் பருத்தியும் கோடை நெல்லும் நிற்கும். ஆற்றோரத்து வாழைத் தோட்டங்கள் அப்பகுதிக்கே அழகு.

மேட்டூரின் கணக்கு

படுகை உழவருக்கு மே மாதம் காத்திருக்கும் மாதம். 1934ஆம் ஆண்டு முதல் மேட்டூர் அணையே அவர்களுடைய நாட்காட்டி. அணையின் முழு மட்டம் 120 அடி. கொள்ளளவு ஏறத்தாழ 93 டி.எம்.சி. குறுவைக்காக ஜூன் 12ஆம் நாள் திறப்பது மரபு. ஆனால் மரபை மேகம் அறியாது. 2022இல் நீர் நிறைந்திருந்தமையால் மே 24ஆம் நாளே திறந்தனர். 2024இலோ நீரின்றி ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாறு தாமதித்த ஆண்டில், குழாய்க் கிணறு இல்லாத குடும்பங்கள் குறுவையை இழக்கின்றன. குறுவையை இழந்த வீட்டில் கடன் ஏறுகிறது. மகளின் கல்லூரிக் கட்டணம் தள்ளிப்போகிறது.

நாள்தோறும் காலையில் செய்தித்தாளில் வரும் அணை மட்டத்தைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டும் பணியைப் பேரப்பிள்ளையிடம் ஒப்படையுங்கள். முதல் நாள் அது வெறும் எண்ணாக இருக்கும். ஏழாம் நாளுக்குள் அந்த எண்ணின் பின்னே ஒரு குடும்பத்தின் ஓராண்டு நிற்பதைப் பிள்ளை உணர்ந்துவிடும்.

ஒரு நாள் கல்லணைக்கு அழைத்துச் செல்லலாம். கரிகாலன் பெயரோடு இணைத்துப் போற்றப்படும் அணை அது; காவிரியும் வெண்ணாறும் கொள்ளிடமும் கல்லணைக் கால்வாயும் பிரியும் இடம். அதற்கு மேற்கே முக்கொம்பில் 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையின் ஒன்பது மதகுகள் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் உடைந்து போனதையும் சொல்லுங்கள். எத்துணை பெரிய கட்டுமானமும் பராமரிப்பின்றி நில்லாது என்பதை அவர்கள் அறியட்டும். மே மாதத்தில் பூண்டி மாதா பேராலயத்தின் ஆண்டுப் பெருவிழாவும் வருவதால், சிதறிய உறவினர் பலரை அங்கே ஒருசேரக் காணும் வாய்ப்பும் உண்டு.

மூன்றாம் நாளுக்குப் பின்

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்றனர் முன்னோர். ஏழு நாள் தங்குவதாயின், நான்காம் நாள் காலை விருந்தினர் வீட்டாராக மாறியாக வேண்டும். இல்லையேல், நமக்கு ஓய்வாக அமையும் வாரம் அங்குள்ள பெரியம்மாவுக்கும் அத்தைக்கும் ஓயாத அடுப்படி வாரமாகிவிடும். எட்டுப் பேருக்கு இட்லி ஊற்றி முடிப்பதற்குள் மதிய உலை ஏறிவிடுகிறது. வந்தவர் முற்றத்தில் அமர்ந்து, "ஊர்க் காற்றே தனி!" என்று வியந்துகொண்டிருப்பது உறவுக்கு அழகன்று.

வந்த ஆண்கள் சந்தைக்குச் சென்று அரிசி, காய்கறி வாங்கி வரட்டும். கேட்டுப் பெறாத செலவையும் குறிப்பறிந்து ஏற்கட்டும். வந்த பெண்கள் ஒரு வேளைச் சமையலை முழுமையாகத் தாங்கட்டும். பிள்ளைகள் தாம் உண்ட தட்டைத் தாமே கழுவட்டும். ஆண்பிள்ளைகளுக்கு இதில் விலக்கு வேண்டாம். கோடைதான் வடகமும் வற்றலும் போடும் காலம். விடியுமுன் கூழ் காய்ச்சி, மாடியில் துணி விரித்துப் பிழிவதும், காக்கையை ஓட்டுவதும் சிறுவர் விரும்பிச் செய்யும் வேலைகள். நுங்கு சீவும் இடத்திலும், புளி கொட்டை நீக்கும் இடத்திலும் அமர்ந்து கேட்கும் குடும்பக் கதைகள் வேறெங்கும் கிடைப்பதில்லை.

கைப்பேசியை முற்றிலும் தடுப்பதைவிட, அதற்கும் ஒரு பணி தருவது நன்று. பாட்டியின் குரலில் ஒரு தாலாட்டையும், தாத்தா சொல்லும் மூதாதையர் பெயர்களையும் அதிலே பதிவு செய்யச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் கேட்கும் கேள்வி

ஊரில் பிள்ளைகளின் கண்ணுக்கு நாம் பழகிப்போனவை புதிதாகத் தெரியும். "அந்தத் தாத்தா ஏன் வாசலிலேயே நிற்கிறார்? அவருக்கு ஏன் தனிக் குவளை?" என்று ஒரு சிறுமி கேட்டால், "சும்மா இரு" என்று அடக்கிவிடாதீர்கள். நம் வயலில் நாற்றுப் பறித்து நட்ட கைகள் அவை. அவரை உள்ளே அழைத்து அமரச் செய்து, நாம் அருந்தும் குவளையிலேயே மோர் கொடுப்பதே அக்கேள்விக்குச் சரியான விடை. வயதில் மூத்த உழைப்பாளரை "நீ" என்று பிள்ளைகள் அழைப்பதை முதல் நாளே திருத்துங்கள். உறவு என்ற சொல் இரத்தத்தோடு முடிந்துவிடுமாயின், ஊருக்குச் சென்றும் பயனில்லை.

எச்சரிக்கை சில

வறண்ட ஆற்றிலும் மணல் அள்ளிய பள்ளங்களில் நீர் தேங்கியிருக்கும். கரையிலிருந்து ஆழம் தெரியாது. பெரியவர் துணையின்றிக் குளம், கிணறு, ஆறு எதிலும் பிள்ளைகளை இறங்க விடலாகாது. பதினோரு மணி முதல் நான்கு மணி வரை நிழலிலேயே வைத்திருங்கள். இரவில் விளக்கின்றி வைக்கோற்போர்ப் பக்கம் செல்ல வேண்டாம். பாம்பு தீண்டினால் கடிவாயைக் கீறுவதோ உறிஞ்சுவதோ இறுகக் கட்டுவதோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், நச்சு முறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்ல வேண்டும்.

திண்ணையில் எழும் பேச்சு

அனைவரும் கூடும்போது நிலத்தைப் பற்றிய பேச்சு எப்படியும் எழும். பல குடும்பங்கள் பிரிந்ததும் இப்பேச்சில்தான். இரண்டு செய்திகளை மனத்திற்கொள்வது நலம்.

ஒன்று: 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, எஞ்சிய இரண்டு பங்கு மக்களுக்குச் சமமாக. இதில் மகன், மகள் என்ற வேறுபாடு இல்லை. "கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு ஏது பங்கு?" என்பது வழக்கமாக இருக்கலாம், சட்டமாகாது, நீதியும் ஆகாது.

மற்றொன்று: ஊரிலேயே தங்கி, பெற்றோரைப் பேணி, வரப்பையும் காத்து நிற்கும் உடன்பிறந்தாரின் உழைப்பு எந்தப் பத்திரத்திலும் எழுதப்படுவதில்லை. அதை எடைபோட வேண்டியவர்கள் வெளியூரில் வாழும் மற்றவர்களே. பெற்றோர் உயிரோடிருக்கையில், அவர்கள் முன்னிலையில், பெண்மக்களையும் அமர்த்தி, அமைதியாகப் பேசி எழுதிக்கொள்ளும் குடும்பங்கள் பேறு பெற்றவை. ஆண்டுக்கு ஒரு வாரம் ஒன்றாக உண்டு உறங்கியவர்களுக்கு அப்பேச்சு எளிதாகும். பத்தாண்டுகள் முகம் பாராதவர்களோ வழக்கறிஞர் வழியாகவே பேச வேண்டியிருக்கும்.

புறப்படும் நாளில் பாட்டி கட்டித்தரும் உளுந்தும் வடகமும் சில மாதங்களில் தீர்ந்துவிடும். ஆனால் ஜூன் மாதத்தில் ஒரு மாலை, நகரத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளை தானே தொலைபேசியை எடுத்து, "தாத்தா, வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா?" என்று கேட்குமாயின், அந்த ஏழு நாட்கள் வீண்போகவில்லை என்று கொள்ளலாம்.