வண்டிப் பெயரைச் சொல்லாதீர்கள், அளவைச் சொல்லுங்கள்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காயும், நிலக்கோட்டைக்குப் பூவும் ஏற்றிப் போகிற பழைய பிக்கப்புகளில் டாடா 207 இன்னும் கண்ணில் படுகிறது. இன்ஜின் நன்றாக இருக்கும், சேஸியில் துரு இருக்காது. ஆனால் ஒரு சீலோ வாஷரோ கிடைக்காமல் வண்டி வாரக்கணக்கில் பட்டறையில் நிற்கும். கடையில் கேட்டால் "அந்த மாடலுக்கு இப்ப வர்றதில்லைண்ணே" என்று பதில் வரும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அந்த வண்டிப் பெயர் போட்ட பெட்டி வருவது நின்றிருக்கும். அதே அளவுச் சாமான் வேறு பெட்டியில், சில சமயம் அதே கடை அலமாரியிலேயே இருக்கும்.

எந்த வண்டிக் கம்பெனியும் எல்லாச் சாமானையும் தானே செய்வதில்லை. பேரிங், ஆயில் சீல், போல்ட், பிரேக், ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் வெளியில் வாங்கிப் பூட்டுபவைதான். பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், 1966-இல் தொடங்கிய சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ் என்று அப்படிச் செய்துகொடுக்கிற பெரிய கம்பெனிகள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. கழற்றிய சாமானைத் துடைத்துப் பார்த்தால் பெரும்பாலும் செய்தவரின் பெயரும் ஒரு எண்ணும் இருக்கும். அந்த எண்ணை வைத்துத்தான் தேட வேண்டும்.

இன்ஜின் சாமானுக்கு முதலில் அண்ணன் தம்பி வண்டி எது என்று பாருங்கள். 207 டிஐ-யில் இருப்பது 497 வகை இன்ஜின்: 4 சிலிண்டர், 97 மி.மீ. போர், 2,956 சிசி. 1986-இல் வந்த டாடா 407-லும் இந்த 497 குடும்பம்தான் ஓடியது. 407 ஊர் முழுக்க ஓடுவதால் அதற்கான சாமான் எளிதில் கிடைக்கும். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடக் கூடாது. டர்போ உள்ளது, இல்லாதது என்று 497-இலேயே பல வகை உண்டு. பழையதையும் புதியதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஓட்டைக்கு ஓட்டை பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

பேரிங் இருப்பதிலேயே சுலபம். 6203 என்றால் உலகம் முழுக்க உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மி.மீ. கடைசி இரண்டு இலக்கம் 04-உம் அதற்கு மேலும் இருந்தால் 5-ஆல் பெருக்கினால் உள்விட்டம் வந்துவிடும். 6305-க்கு 25 மி.மீ. பின்னால் 2ஆர்எஸ் என்று இருந்தால் இரு பக்கமும் ரப்பர் மூடி, இசட்இசட் என்றால் தகர மூடி. சி3 என்பது உள்ளே குண்டு ஓடுகிற இடைவெளி கொஞ்சம் கூடுதல் என்பதைக் குறிக்கும். சூடேறும் இடங்களில் அதை விட்டுவிட்டுச் சாதாரணமானதைப் போட்டால் பேரிங் இறுகிவிடும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இல்லாவிட்டால் பம்ப்செட் மோட்டாருக்கு விற்கிற பேரிங் கடைக்குப் போங்கள். கிணற்று மோட்டாரிலும் ஆல்டர்னேட்டரிலும் ஓடுவது ஒரே வரிசைப் பேரிங்தான்.

ஆயில் சீலில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அதன் முகத்தில் 35-52-7 போல மூன்று எண் இருக்கும்: ஷாஃப்டின் விட்டம், உட்காரும் குழியின் விட்டம், தடிமன். எண் அழிந்திருந்தால் பழைய சீலை அளக்காதீர்கள். எண்ணெயில் ஊறி, வெந்து, விரிந்துபோன ரப்பர் அது. என்ன அளவு காட்டினாலும் நம்ப முடியாது. ஷாஃப்டையும் குழியையும் வெர்னியர் வைத்து அளங்கள். அப்படியே ஷாஃப்டின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். சீலின் உதடு பல வருஷம் ஒரே இடத்தில் உரசி மெல்லிய பள்ளம் வெட்டியிருக்கும். நகம் அதில் மாட்டினால், எத்தனை புதுச் சீல் போட்டாலும் ஒழுகும். குழியில் இடமிருந்தால் சீலை ஒன்றிரண்டு மி.மீ. தள்ளி உட்கார வைத்து, உதடு புது இடத்தில் படும்படி செய்வார்கள். ரப்பரின் வகையும் முக்கியம். சாதாரண நைட்ரைல் சுமார் 100 டிகிரி வரை தாங்கும். அதற்கு மேல் சூடாகிற இடத்துக்கு 'விட்டான்' என்கிற ரப்பர் வேண்டும், விலையும் கூடும்.

காலையில் ஸ்டார்ட் ஆகாமல் முரண்டு பிடிக்கிற டீசல் வண்டிக்குப் பம்பையே கழற்றச் சொல்கிறவர்கள் உண்டு. அதற்கு முன்னால் டீசல் லைன் ஜாயின்ட்டில் இருக்கிற காப்பர் வாஷரைப் பாருங்கள். அது சரியாக அழுந்தாவிட்டால் டீசல் வெளியே சொட்டாமலேயே காற்று உள்ளே போகும். இரவு முழுக்க நின்ற வண்டியில் லைன் காலியாகிவிடும். வாஷர் அழுந்தாததற்கு, ஒருமுறை இறுக்கிய செம்பு கெட்டியாகிவிடுவதுதான் காரணம். புதிது கிடைக்காத அவசரத்தில், பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகும். எஃகுதான் அப்படிச் செய்தால் கெட்டிப்படும், செம்பு இல்லை.

கடையிலும் கிடைக்காததற்குக் கடைசல் பட்டறை இருக்கிறது. வைப்பர் லிங்க் புஷ், கியர் லீவர் புஷ், பெடல் புஷ் எல்லாவற்றையும் நைலான் ராடில் லேத்காரர் கடைந்து தந்துவிடுவார். கதவுப் பூட்டுக்கு வேறெங்கும் அலைய வேண்டாம். பூட்டுக்கு லீவரையும் சாவியையும் கையால் அரம் போட்டு எடுக்கும் ஊர் திண்டுக்கல். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

ஆனால் லேத்துக்கும் மாற்று அளவுக்கும் ஒரு எல்லை உண்டு. ஸ்டியரிங் பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் கிட் ஆகியவற்றில் 'பொருந்துகிறது' என்பது போதாது. பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது எண்ணெய் வகையே கிடையாது. நைட்ரைல் ரப்பரை அதில் போட்டால் ஊதிப்போகும். பிரேக் ரப்பரில் இன்ஜின் ஆயில் பட்டாலும் அதே கதிதான். அளவு சரியாக இருக்கிறதே என்று ஹைட்ராலிக் கடைச் சீலைப் பிரேக்கில் போட்டுவிட்டு, 18 கொண்டை ஊசி வளைவுள்ள சிறுமலையிலிருந்து வாழைத்தாரோடு இறங்குவதை நினைத்துப் பாருங்கள். போல்ட்டும் அப்படித்தான். தலையில் 10.9 என்று பொறித்த இடத்தில் 8.8 போடக் கூடாது. 8 வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டியிருப்பதால், தேதி நெருங்குகிற அவசரத்தில்தான் இந்தத் தப்பெல்லாம் நடக்கிறது.

கதவு ஹேண்டில், கண்ணாடி ஏற்றும் ரெகுலேட்டர், மீட்டர், டேஷ்போர்டு பிளாஸ்டிக் இவற்றுக்கு அளவைச் சொல்லிப் பயனில்லை; உடைக்கிற வண்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும். உள்ளூர்க் காயலான் கடையில் இல்லாவிட்டால் சென்னை புதுப்பேட்டை. பில் கேட்டு வாங்குங்கள், திருட்டுச் சாமான் தலையில் கட்டப்படலாம். முழு இன்ஜினை மாற்றினால் ஆர்.சி.யிலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மாற்றியாக வேண்டும்.

வெளியூருக்குப் போனில் சொல்லி வாங்குவதானால், சாமானை ஸ்கேல் மேல் வைத்து முன்பக்கம், பின்பக்கம், பொறித்த எண் என்று மூன்று படம் அனுப்புங்கள். இடது பக்கத்துக்கா வலது பக்கத்துக்கா என்பதையும் எழுதிவிடுங்கள். பார்சலில் திரும்பி வருகிற சாமானில் பாதி அதை எழுதாததால்தான் வருகிறது என்று பட்டறையில் சிரிப்பார்கள். புதியது வந்து பூட்டி, நாலு நாள் ஓடும்வரை பழையதைத் தூக்கிப் போட வேண்டாம்.