கண்ணாடிப் பேழைக்குள் ஒரு துணி

மதுரை கே.கே. நகருக்குச் சமீபத்தில், நாயக்கர் காலத்துத் தமுக்கம் மாளிகையில் காந்தி நினைவுக் காட்சிசாலை இருக்கிறது. 1959 ஏப்ரல் 15-ஆம் தேதி பண்டித ஜவாஹர்லால் நேரு அதைத் திறந்து வைத்தார். 1948 ஜனவரி 30-ஆம் தேதி மாலை மகாத்மா உடுத்தியிருந்த, இரத்தக் கறை படிந்த துணி அங்கே கண்ணாடிப் பேழையில் வைக்கப்பட்டிருக்கிறது. 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி அவர் சட்டையை நீக்கி அரைத்துண்டு உடுத்தத் தொடங்கியதும் இதே மதுரையில்தான். அந்தப் பேழையின் முன் கண் கலங்காதவர் அரியர். ஆயினும் பருத்தி நூல் பருத்தி நூல்தானே! மகானின் மேனியைத் தீண்டியது என்பதற்காகக் காற்றும் வெளிச்சமும் அதனிடம் தயை காட்டுவதில்லை.

வெளிச்சத்தின் தீங்கு கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். வெளிறிய சாயம் திரும்பாது. துணி, ஏடு முதலியவற்றுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சம் போதும் என்பது காட்சிசாலை வழக்கம். நடுப்பகல் வெயிலோ ஒரு லட்சம் லக்ஸ்.

காற்றின் ஈரம் இதைவிடச் சூக்ஷ்மமான விஷயம். நூலிழை, காகிதம், பனையோலை, மரம் யாவும் ஈரத்தை உண்டு பருக்கும், வறண்டால் சுருங்கும். நம் ஊரில் சித்திரையில் காற்று வறள்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வியர்க்கிறது. ஈரப்பதம் 65 சதவிகிதத்துக்கு மேல் பல நாள் நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். பின்னாலேயே இராமபாணப் பூச்சியும் வரும். நிதானமான வறட்சியையும் நிதானமான ஈரத்தையும் பழம்பொருள் ஓரளவு பொறுக்கும். ஓயாத ஏற்றத்தாழ்வைத்தான் அதனால் பொறுக்க இயலாது.

இதற்கு உலகப் பெரும்போர் ஒரு சாட்சி தந்தது. குண்டுவீச்சுக்கு அஞ்சி லண்டன் தேசிய ஓவியசாலையார் தங்கள் படங்களை 1941-இல் வேல்ஸ் நாட்டிலுள்ள மானட் என்னும் கற்சுரங்கத்துக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். உஷ்ணமும் ஈரமும் மாறாத அந்தக் குகையில், வருஷந்தோறும் வர்ணம் உரிந்துவந்த படங்கள் உரிவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டன. போர் முடிந்து நகருக்குத் திரும்பியதும் பழைய நோய் திரும்பியது.

குளிர்சாதனம் வைத்துவிட்டால் தீர்ந்தது என்று நம்மவர் பலர் எண்ணுகிறார்கள். நாம் அறிந்த ஒரு நூலகத்தில் அது பகலில் ஓடும். மாலை ஐந்து மணிக்குச் சிக்கனத்தை உத்தேசித்து நிறுத்தப்படும். 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராமுக்கு மேல் தாங்காது. பகலெல்லாம் குளிர்ந்த இரும்பு பீரோவின்மேல் இரவில் வெளிக்காற்று வந்து படியும்போது, மிஞ்சிய நீர் எங்கே போகும்? புத்தகத்தின் முதுகில்தான் இறங்கும். மனிதரின் சௌகரியத்துக்கு ஓடும் இயந்திரம் வேறு. நூலுக்காக இரவும் பகலும் ஓடும் இயந்திரம் வேறு. இரண்டாவதற்குப் பணமில்லையாயின், முதலாவது இல்லாமலிருப்பதே மேல் என்பது நம் அபிப்பிராயம்.

நம் முன்னோர் யந்திரமில்லாமலே இதில் பாதியைச் சாதித்தார்கள். ஏட்டுக்கட்டை இரு சட்டங்களுக்கு இடையே இறுக்கி, துணியில் சுற்றி, மரப்பெட்டியில் வைத்தார்கள். மரமும் துணியும் ஈரத்தை முதலில் தாம் வாங்கிக்கொண்டு ஏட்டுக்கு மெல்ல மெல்லவே விடும். பூச்சிக்கு வசம்பு, எழுத்து துலங்க மஞ்சளும் மையும், ஓலை முறியாதிருக்க எலுமிச்சைப்புல் எண்ணெய். அப்படியும் தப்பியவை சொற்பமே. 1887-இல் கலித்தொகையை அச்சேற்றிய சி.வை. தாமோதரம் பிள்ளைக்குக் கிடைத்த ஏடுகள் பல, தொட்டால் உதிரும் நிலையில் இருந்தன. அவரைப்போன்றோர் தேடி அலைந்திராவிட்டால் சங்க நூல்கள் நமக்கு ஏது? மதுரையில் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் தமிழ்ச் சங்கம் நிறுவியபோது நூல்நிலையத்தையும் உடன் சேர்த்ததன் அருமை இப்போது விளங்குகிறது.

நேயர்களில் எத்தனையோ பேர் வீட்டில் பாட்டனார் காலத்து வைத்திய ஏடோ, ஜாதகக் கட்டோ, முதற்பதிப்புப் புத்தகமோ இருக்கக்கூடும். அவற்றை மேற்கு வெயில் காயும் சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். பீரோவுக்கும் சுவருக்கும் இடையே நான்கு விரற்கடை இடம் விடுங்கள். மழைநாளில் கதவைத் திறந்து காற்றாட விடுவது உபகாரமல்ல. வானம் வெளுத்த காலைவேளையில் திறக்கலாம். ஈரமானி ஒன்று வாங்கி உள்ளே வைத்தால் ஊகம் வேண்டியதில்லை. நீல நிற சிலிகா மணிகளைச் சிறு துணிப்பையில் இட்டால், ஈரம் உண்டு அவை இளஞ்சிவப்பாகும். சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்து மறுபடியும் உபயோகிக்கலாம். நனைந்த ஓலையை மாத்திரம் வெயிலில் காயவைக்காதீர்கள். நிழலில், மின்விசிறிக் காற்றில் ஆறட்டும்.