பஞ்சின் தீர்வையும் புடவையின் விலையும்

இப்பத்திரிகையின் வாசகர்களான சங்க அங்கத்தினர்களுள் ஒரு சாரார் பருத்தி விளைவிப்போர். மற்றொரு சாரார் அப்பருத்தியின் நூலைத் தறியில் ஏற்றுவோர். அயல்நாட்டுப் பஞ்சின்மீது தீர்வை விதித்தால் முன்னவருக்கு நன்மை, பின்னவருக்குக் கேடு என்றும், நீக்கினால் பலன் தலைகீழாகும் என்றும் பொதுவாகப் பேசப்படுகிறது. இப்பேச்சு எவ்வளவு தூரம் உண்மை என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நலமென எண்ணுகிறோம்.

2021 பிப்ரவரியில் மத்திய அரசு, இறக்குமதியாகும் பஞ்சின்மீது மேல்வரிகள் உட்பட 11 சதவிகிதத் தீர்வை விதித்தது. 2022 ஏப்ரல் 14 முதல் சில மாதங்களுக்கு அது நீக்கப்பட்டது. ஆயினும் அடுத்த மாதமே 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பஞ்சின் விலை லட்ச ரூபாயைத் தாண்டிற்று! தீர்வையை எடுத்த மாத்திரத்தில் நூல் மலிந்துவிடும் என்று நம்பியவர்கள் ஏமாந்தனர். மீண்டும் 2025 ஆகஸ்டு 19 முதல் தீர்வை நீக்கப்பட்டு, அச்சலுகை டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. அதே ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குகளின்மீது 50 சதவிகித வரி விதித்தமையால் திகைத்து நின்ற ஏற்றுமதி ஆலைகளுக்கு இது ஒரு துணையாயிற்று. ஆனால் அக்டோபரில் புதுப்பருத்தி சந்தைக்கு வரத் தொடங்கிய வேளையிலும் அயல்நாட்டுப் பஞ்சு தீர்வையின்றி இறங்கிக்கொண்டிருந்தது.

இனி, கணக்கைப் பார்ப்போம். 80ஆம் நம்பர் நூலில் நெய்த பருத்திப் புடவை ஒன்று ஏறத்தாழ அரைக் கிலோ எடை உள்ளது என்று கொள்வோம். நூற்பாலையில் கழியும் கழிவையும், அரைவையில் பிரியும் விதையையும் சேர்த்தால், அப்புடவைக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ விதைப்பருத்தி வேண்டும். நீண்ட இழைப் பருத்திக்கு 2025-26ஆம் பருவத்தில் அறிவிக்கப்பட்ட ஆதார விலை குவிண்டாலுக்கு 8,110 ரூபாய். ஆகவே புடவையில் அடங்கிய பருத்தியின் விலை சுமார் 162 ரூபாய். இதில் முழு 11 சதவிகிதமும் ஒரு காசும் குறையாமல் நெசவாளரை வந்தடைந்தாலும், அவருக்குக் கிடைப்பது பதினெட்டு ரூபாய். கடையில் ஆயிரத்துக்கு மேல் விற்கும் புடவையில் இத்தொகை எம்மாத்திரம்?

உழவர் பக்கம் பார்த்தால் கதை வேறு. அதே 11 சதவிகிதம் அவருக்குக் குவிண்டாலுக்கு 892 ரூபாய் நஷ்டம். ஏக்கருக்கு எட்டுக் குவிண்டால் கண்டவருக்கு ஏழாயிரத்துக்கு மேல் போகும். ஆதார விலை இருக்கிறதே எனலாம். இந்தியப் பருத்திக் கழகத்தின் கொள்முதலில் ஈரப்பதம் 12 சதவிகிதத்தை மிஞ்சினால் சரக்குத் திரும்பிவிடும். பிறகு வியாபாரி சொன்னதே விலை.

மேலும், அவருடைய போட்டியாளர் சாமானியர் அல்லர். அமெரிக்க அரசு தன் பருத்தி விவசாயிகளுக்கு அளித்த மானியங்களை எதிர்த்து 2002இல் பிரேசில் உலக வர்த்தக ஸ்தாபனத்தில் வழக்காடி வென்றது. 2014இல் 30 கோடி டாலர் பெற்றே அவ்வழக்கைச் சமாதானமாக முடித்துக்கொண்டது. அந்தப் பிரேசிலிலோ ஹெக்டேருக்கு 1,700 கிலோவுக்கு மேல் பஞ்சு கிடைக்கிறது. பெரும்பாலும் மழையை நம்பிய நம் நாட்டில் 450 கிலோவை ஒட்டியே நிற்கிறது.

அப்படியாயின் நெசவாளரை வாட்டுவது எது? 2001 ஏப்ரலில் எஞ்சிய 715 பண்டங்களின் இறக்குமதிக் கட்டுப்பாடும் அகன்றபின் அயல்நாட்டுத் துணிக்குக் கதவு அகலத் திறந்தது மெய்யே. ஆயினும் உள்நாட்டிலேயே நேர்ந்தவை அதனினும் பெரியவை. கைத்தறிக்கென 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒதுக்கிய 22 ரகங்கள் பின்னர் 11 ஆகச் சுருங்கின. அந்தப் பதினொன்றையும் விசைத்தறியில் நெய்து கைத்தறி என்று விற்பது சந்தை அறிந்த செய்தி. ஆலைகள் சிட்டமாகக் கட்டித் தரவேண்டிய நூலின் பங்கு 50 சதவிகிதத்திலிருந்து 2003இல் 40 ஆகவும், 2019இல் 30 ஆகவும் குறைக்கப்பட்டது. கைத்தறித் தொழிலாளர் தொகை 1995ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 65 லட்சத்துக்கு மேல். 2019-20இல் 35 லட்சம். இவ்வீழ்ச்சியைப் பருத்தி விளைவிப்போர் தலையில் சுமத்துவது நியாயமன்று.

நெசவாளருக்கு நூல் விலையில் நிவாரணம் வேண்டுமெனில் அதற்கு நேர்வழி உண்டு. சிட்ட நூலுக்கு மத்திய அரசின் திட்டத்தில் 15 சதவிகித விலை மானியம் தேசியக் கைத்தறி வளர்ச்சிக் கழகத்தின் வழியே கிடைக்கிறது. பதிவு இல்லாமையாலும், தேவைப் பட்டியல் தாமதமாவதாலும் இம்மானியத்தைப் பெறாத அங்கத்தினர் இருத்தலாகாது. அதனைச் சரிபார்ப்பது நிர்வாகக் குழுவின் முதல் வேலை.

இரு சாராரும் கைகோக்கத்தக்க இடமும் ஒன்று உண்டு. கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்டு 1974இல் வெளியான ‘சுவின்’ பருத்தி, 100ஆம் நம்பருக்கு மேற்பட்ட மென்னூலுக்கு ஏற்றது. அத்தகைய நூலுக்காகவே ஆலைகள் எகிப்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மிக நீண்ட இழைப் பஞ்சைத் தருவிக்கின்றன. ஆயினும், நிலத்தில் நெடுநாள் நிற்கும் இப்பயிரை, வாங்குவோர் யாரென்று தெரியாமல் எந்த உழவர் விதைப்பார்? மென்ரகம் நெய்யும் சங்கங்கள் சில ஒன்றுகூடித் தம் ஓராண்டுத் தேவையையும் தரவல்ல விலையையும் முன்கூட்டி எழுத்தில் கொடுத்தால், விளைபொருள் விற்பனைச் சங்கங்கள் அதைக்கொண்டு உழவரை அணுக இயலும். நூற்றுத் தருவதற்குக் கூட்டுறவு நூற்பாலைகளைக் கேட்கலாம். குளிர்காலப் பருத்தியின் விதைப்பு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் நடைபெறுவதால், இக்கணக்கை ஜூலை மாதத்துக்குள் சங்கங்கள் முடித்தாக வேண்டும்.