களத்து ஆணியைத் தேட சின்ன காயிலே போதும்

மேல்மண்ணில் கிடக்கும் கம்பித் துண்டு, மாட்டின் உயிருக்கே எமன்!

அருப்புக்கோட்டை, திருச்சுழி பகுதி மானாவாரி விவசாயிகளுக்குச் சோளத்தட்டையும் கம்பந்தட்டையும்தான் கோடைத் தீவனம். அந்தத் தட்டையோடு ஒரு துண்டுக் கட்டுக்கம்பி கலந்தால், கறவை மாட்டையே இழக்க நேரிடலாம். மாடு தீவனத்தை நாக்கால் சுருட்டி, அரைகுறையாக மென்று விழுங்கும். உள்ளே போன கம்பி இரண்டாம் இரைப்பையில் தங்கி, அதன் சுவரைக் குத்தும். சில நேரம் இதயம் வரை போய்விடும்.

வேலிக்கம்பி, தகரக் கொட்டகை ஆணி எல்லாம் களத்திலும் படப்படியிலும்தான் சிதறிக் கிடக்கும். கோடையில் வெடிக்கும் கரிசல் மண் அவற்றை மறைத்துவிடும். இவற்றைத் தேட மெட்டல் டிடெக்டர் உதவும். ஆனால், அதற்கேற்ற காயில் வேண்டும்.

எந்த காயில்?

கருவியின் முனையில், தரையை ஒட்டி அசைக்கும் வட்டத் தட்டுதான் காயில். கருவியோடு பெரும்பாலும் 8 முதல் 11 அங்குல காயில் வரும். இது ஆழமாகத் தேடும். ஆனால், ஆணிகள் நெருங்கிக் கிடந்தால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சத்தம்தான் கேட்கும்.

5 அல்லது 6 அங்குல காயில் ஒவ்வொன்றையும் பிரித்துக் காட்டும். அறுத்த தட்டைக் கட்டைகளுக்கு இடையிலும் நுழையும். ஒரு நேரத்தில் குறைந்த மண்ணையே பார்ப்பதால், செம்மண் சரளையிலும் ஈரமான உவர் மண்ணிலும் வரும் பொய்ச் சத்தம் குறையும். எடையும் குறைவு.

ஆழம் குறைவு, பரப்பை முடிக்க நேரமும் கூடுதல். ஆனாலும், மாடு விழுங்குவது மேலே கிடப்பதைத்தானே? புதைந்த இரும்புக் குழாயைத் தேடத்தான் பெரிய காயில் தேவை.

வாங்கும்முன் கவனிக்க

• எல்லா காயிலும் எல்லாக் கருவிக்கும் பொருந்தாது. கருவியின் மாடலைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

• பல கருவிகளில் இரும்பை ஒதுக்கும் வசதி உண்டு. ஆணி தேடும்போது அதை நிறுத்திவிட வேண்டும்.

• தரையில் ஓர் ஆணியையும் சிறு கம்பியையும் போட்டுச் சோதித்துப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

• ஆண்டில் சில நாள் வேலைதான் என்பதால், நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும்.

தட்டையைக் களத்தில் இறக்கும்முன், காயிலைத் தரையை ஒட்டி மெதுவாக, இடைவெளி விடாமல் அசைத்துத் தேட வேண்டும். எடுத்த இரும்பை டப்பாவில் போட்டு அப்புறப்படுத்த வேண்டும்.

மாடு தீனி எடுக்காமல், முதுகை வளைத்து, நடக்கத் தயங்கினால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பழங்காசு கிடைத்தால்?

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டையில் தொல்லியல் துறை 2022-ல் அகழாய்வு தொடங்கியது. பழம்பொருள் புதைந்த மண் இது. 1878-ம் ஆண்டு புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால், சொந்த நிலமானாலும் கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போகும். ஓராண்டு வரை சிறையும் கிடைக்கலாம்.