பிடுங்கி நட இடங்கொடாத கன்று

கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாற்றங்கால் போட்டுப் பழகிய கைக்கு ஒரு கணக்கு மனப்பாடம்: விதையின் கனத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆழம், அதற்குமேல் போகக் கூடாது. போனால் வித்திலைகள் மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வர முடியாமல் உள்ளேயே அழுகிவிடும். முளைத்த நாற்றை நாலைந்து வாரத்தில் பிடுங்கி நடலாம். வேர்நுனி கொஞ்சம் அறுபட்டாலும் பக்கவேர் விட்டுத் தேறிக்கொள்ளும். பனை நடும் ஆர்வம் கூடியிருக்கும் இந்நாளில் பலர் இதே பழக்கத்தைப் பனங்கொட்டைக்கும் கொண்டுபோகிறார்கள். சிறு பையில் முளைக்கவைத்து, கன்றானதும் குழியில் வைக்கப் பார்க்கிறார்கள். பனை இதற்கு ஒத்துவராது. காரணம் அது முளைக்கும் விதத்திலேயே இருக்கிறது.

பனங்கொட்டையின் வித்திலை மேலே வருவதில்லை, கீழே போகிறது. ஈரம் பட்ட சில வாரங்களில் கொட்டையின் நுனியிலிருந்து குழாய் போன்ற ஒரு தண்டு கிளம்பி நேராக மண்ணுக்குள் இறங்கும். செடியின் கருவை அது தன் முனையில் சுமந்து செல்கிறது. இளக்கமான மணலில் ஓரடி, ஒன்றரை அடி ஆழம் போன பிறகே வேர் கீழ்நோக்கியும் குருத்து மேல்நோக்கியும் பிரியும். கொட்டைக்குள்ளே பஞ்சுபோலப் பருக்கும் தவுண், கெட்டியான பருப்பைக் கரைத்து உறிஞ்சிக் கீழே அனுப்புகிறது. அந்த உணவு முதல் இலையின் உறையில் மாவாகச் சேர்வதைத்தான் நாம் பனங்கிழங்கு என்று அவித்துத் தின்கிறோம். ஆக, கொட்டையை நாம் எவ்வளவு மேலாகப் போட்டாலும் நடும் ஆழத்தை அதுவே தீர்மானித்துக்கொள்கிறது. உடன்குடியை அடுத்த குதிரைமொழித் தேரியின் செம்மணலை நினைத்தால் இதன் நியாயம் விளங்கும். மேல்மணல் கோடையில் கால்வைக்க முடியாமல் கொதிக்கும்போதும் அடியில் ஈரம் கிடக்கும்.

சிறு பைக்குள் இறங்கும் தண்டு அடியில் முட்டி வளையும், அல்லது பையைக் கிழித்துக்கொண்டு தரைக்குள் போகும். எடுத்து நடும்போது ஒடிவது அந்த முனைதான். நீளப் பையோ குழாயோ வைத்தால் சரிதானே என்று கேட்கலாம். சரிதான், ஓரளவு முடியும். ஆனால் இரண்டடி மண்ணைச் சுமந்துபோய் இரண்டடிக் குழி தோண்டுவதற்கு, கொட்டையை அந்த இடத்திலேயே புதைத்துவிடலாமே. 2021-இல் தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை 76 லட்சம் பனை விதைகளை அறிவித்தபோது, கன்றுகள் ஒரு லட்சம் மட்டுமே. அந்த விகிதம் விவரம் தெரிந்தவர் போட்டதாகவே படுகிறது.

நேரடியாக விதைத்தால் ஆடு மாடு மேய்ந்துவிடும் என்பது இன்னொரு மறுப்பு. வரும் முதல் இலையை மேய்வது உண்மைதான். ஆனால் வளரும் முனை ஆழத்தில் பத்திரமாக இருப்பதால் அடுத்த இலை வரும்; கத்தரி நாற்றை ஆடு கடித்தால் கதை அங்கேயே முடிந்துவிடும். பனங்கன்றின் நிஜப் பகை மேயும் வாயல்ல, தோண்டும் பன்றியும் மண்வெட்டியும் ஜேசிபியும். ஆகவே முதல் சில ஆண்டுகளுக்குத் தேவைப்படும் பராமரிப்பு, தண்ணீரைவிட, இடத்தைக் கிளறாமல் விடுவதும் அடையாளக் குச்சி நடுவதும்தான். அடிமரம் தலைகாட்டவே பல ஆண்டுகள் ஆகும் என்பதால், ஒன்றுமில்லாத தரை என்று யாரும் உழுதுவிடலாம்.

கிழங்குக்குப் போடும் பாத்தி வேறு சங்கதி. ஆவணி, புரட்டாசியில் மணலைக் கூட்டி மேடாக்கிக் கொட்டைகளை நெருக்கி அடுக்குவார்கள். வடகிழக்குப் பருவமழையில் முளைத்து, பொங்கலுக்குள் தோண்டும் பதத்துக்கு வந்துவிடும். யாழ்ப்பாணத்தில் அதையே பிளந்து காயவைத்து ஒடியலாக்குகிறார்கள். இலை விரியும்வரை விட்டால் மாவு செலவாகி நார்தான் மிஞ்சும். தப்பிய கிழங்கை அந்தப் பாத்தியிலிருந்து பெயர்த்து மரமாக்கிக்கொள்ளலாம் என்ற சிக்கனம் மட்டும் வேண்டாம். மரத்துக்குரிய கொட்டையை, மரம் நிற்கவேண்டிய இடத்தில், குழிக்கு இரண்டாகப் போடுவதே நல்லது. ஆணா பெண்ணா என்பது பாளை விடும்வரை தெரியாது. அதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகும். ஆண் பனையிலும் பதநீர் இறங்கும் என்பதால் கருப்பட்டிக்கு இதனால் நட்டமில்லை, நுங்குக்குத்தான்.