விருந்தும் வாசனையும்

திருவண்ணாமலை நகரையடுத்து வேலூர்ச் சாலையிலுள்ள வேங்கிக்காலில், நண்பர் ஒருவர் தம் இல்லத்திற்குத் திருக்கார்த்திகையன்று எம்மை உணவிற்கு அழைத்திருந்தார். 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் தீபம் தோன்றிய பின்னர், தெருவெங்கும் அகல் விளக்குகள் ஒளிர, யாவரும் வாழையிலைமுன் அமர்ந்தோம். எம்முடன் வந்திருந்த மாணாக்கர் ஒருவர், விழாவிற்கென்றே புதிதாக வாங்கிய அத்தரை மணிக்கட்டிலும் சட்டையிலும் தாராளமாகப் பூசியிருந்தார். ரசம் பரிமாற வந்த நண்பரின் அன்னையார் அவரருகில் வந்ததும் சற்றே நின்று, “தம்பி, கோபித்துக்கொள்ளாதே, அந்தக் கோடியிலே சன்னலண்டை போய் உட்கார்ந்துகொள்கிறாயா? ரசத்தின் வாசனை ஒருவருக்கும் தெரியாமற் போகிறது” என்றார். இளைஞர் நாணிச் சிரித்து இடம் மாறினார். ஆயினும் வாளாவிருக்க மனமின்றி, “அம்மா, அத்தரும் நல்ல வாசனைதானே, ரசமும் நல்ல வாசனைதானே, இரண்டும் சேர்ந்தால் என்ன குற்றம்?” என்று வினவினார். அன்னையார் சிரித்துக்கொண்டே அடுத்த இலைக்குப் போய்விட்டார். அவ்வினாவிற்கு விடை காணும் பொருட்டே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

சுவை என்று நாம் வழங்குவதில் நாவின் பங்கு சிறிதே. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு என்னும் நான்கையும், 1908ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் இகேடா கடற்பாசிச் சாற்றில் கண்டுரைத்த ‘உமாமி’ என்னும் ஐந்தாவதனையும் நா அறியும். எஞ்சியவெல்லாம் மூக்கின் தொழில். ஐயமுறும் மாணாக்கர் மூக்கை விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு சிட்டிகை சீரகத்தை மென்று பார்ப்பாராக. சற்றே கைப்புடைய ஏதோ சக்கையை மெல்வது போலத் தோன்றும். விரலை எடுத்த மாத்திரத்தில், தொண்டையின் பின்வழியாக மூச்சு மேலேறிச் செல்ல, ‘இது சீரகம்’ என்பது விளங்கிவிடும். மணத்தை அறியும் வாங்கிகளுக்குரிய மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்டு ஆக்சல் என்னும் இருவர் 1991இல் கண்டறிந்து வெளியிட்டு, அதற்கென 2004இல் நோபெல் பரிசு பெற்றனர். அவ்வாங்கிகள் மனிதரிடத்து ஏறத்தாழ 400 வகைப்படும். அத்தருக்கென்று வேறு மூக்கும் ரசத்திற்கென்று வேறு மூக்கும் நமக்கு இல்லை. இரண்டும் அவ்வொரே வாயிலில் நெருக்கிக்கொண்டு புகவேண்டியனவே. வலியது முன்னே புகும். மெலியது வெளியே நிற்கும்.

நம் நண்பரின் அன்னையார் இதனை நூல்வழி அறிந்தவர் அல்லர். 2021ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றுக் கண்டு பிழைத்தெழுந்த அவர், மூன்று திங்கள் வரையில் மணமறியும் ஆற்றலை முற்றிலும் இழந்திருந்தார். நாற்பது ஆண்டுகள் அடுப்படியில் நின்றவர், பெருங்காயம் எண்ணெயில் பொரிந்ததா கருகியதா என்று அறியமாட்டாராய், பேத்தியைக் கூப்பிட்டு முகரச் சொல்லுவாராம். உப்பும் புளியும் நாவிற்குத் தெரிந்தன. சோறு மட்டும் ‘நனைந்த காகிதம்போல’ இருந்தது என்றார். ஒருநாள் பால் பொங்கி அடிபிடித்துத் தீய்ந்தும் அறியாது அருகிலேயே அமர்ந்திருந்ததைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. மருத்துவர் கூறியபடி காலையும் மாலையும் இலவங்கம், எலுமிச்சைத் தோல் முதலியவற்றை ஒவ்வொன்றாய் முகர்ந்து பழகிவந்தார். இத்தகைய பயிற்சி 2009 முதல் மருத்துவ ஏடுகளில் பேசப்பட்டுவருவது. முதலில் மீண்டது இலவங்கம். சுக்கு நெடுநாள் கழித்தே வந்ததாம். அங்ஙனம் ஒவ்வொன்றாக மீட்டுக்கொண்ட மணங்களை ஒரு சீசா அத்தர் மூடி மறைப்பதை அவர் பொறாததில் வியப்பென்னை?

நிற்க. வாசனையும் உணவும் ஒன்றற்கொன்று பகையென்று யாம் கூறவில்லை. மாளவத்து மாண்டுவில் 1469 முதல் 1500 வரை அரசாண்ட கியாத் ஷாஹ் தொடங்குவித்த ‘நிஅமத்நாமா’ என்னும் நூலில், சமோசா முதலிய பண்டங்களைச் செய்யும் முறையும், அத்தர் சாந்து முதலியவற்றைக் கூட்டும் முறையும், தாம்பூலக் குறிப்பும் ஒரே கட்டடத்தில் அமைந்துள்ளன. படங்களோடு கூடிய அந்நூலின் பிரதி இன்று இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. நம் நாட்டிலோ, தக்கோலம், ஏலம், இலவங்கம், சாதிக்காய், கற்பூரம் என்னும் ஐந்தும் வெற்றிலையோடு மெல்லும் முகவாசமாக எண்ணப்பட்டன. அவற்றுட் பல இன்றும் அஞ்சறைப்பெட்டியை விட்டு நீங்கவில்லை. வெட்டிவேரும் அத்தன்மையதே. கன்னௌசியில் அதனை வடித்து அத்தராக்குகின்றனர். நாம் வேரைக் கழுவி முடிந்து மண்பானை நீரில் இடுகிறோம்.

ஆகவே பொருள் ஒன்றே. வேறுபடுவன அளவும் காலமுமே. நம் கலியாண விருந்தின் ஒழுங்கை நோக்குக. வாயிலிற் பன்னீர் தெளித்துச் சந்தனமும் கற்கண்டும் கொடுப்பர். பந்தியில் அமர்ந்தபின் பன்னீர்ச்செம்பு அங்கே வருவதில்லை. சுடுசோறு பட்ட வாழையிலையின் பசுமணமும் நெய்யின் மணமுமே அங்கு ஆட்சி செய்யும். உண்டு கைகழுவிய பின் மீண்டும் தாம்பூலம் வரும். வாசனை முன்னும் பின்னும் நின்று, நடுவில் உணவிற்கு வழிவிட்டு விலகுகிறது. இம்முறையை வகுத்தவர் யாவரோ, அவர் மூக்கின் இயல்பை நன்கறிந்தவர்.

எந்த மணம் எதனோடு இயையும் என்பதிலும் சிறிது பயிற்சி வேண்டும். கொத்துமல்லி விதைக்கு மணந்தரும் லினலூல் என்னும் பொருள் மல்லிகைப் பூவிலும் உண்டு. பரிமாறும் பெண்டிரின் கூந்தலிற் சூடிய மல்லிகை கொத்துமல்லி ரசத்தோடு மாறுகொள்ளாமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்பது எம் ஊகம். மோர்ச்சோற்றிற்கு வெட்டிவேர் நீர் மிக நன்று. சந்தனம் பாயசத்தோடு பொருந்தும், வற்றற்குழம்போடு பொருந்தாது. பன்னீர் பாற்பண்டங்களுக்குரியது. மருக்கொழுந்தை உணவருகில் கொண்டுவராமலிருப்பதே மேல். அது தன்னையன்றிப் பிறிதொன்றைப் பேசவிடாது. இவையெல்லாம் எம் மூக்கின் தீர்ப்பு. மாறுபடுவோர் தத்தம் மூக்கையே நடுவராகக் கொள்க.

கற்பூரத்தைப்பற்றி மட்டும் விரித்துரைத்தல் வேண்டும். சர்க்கரைப் பொங்கலுக்கு ஒரு பங்கு அரிசி, கால் பங்கு பாசிப்பருப்பு, இரண்டு பங்கு வெல்லம் என்பது அவ்வீட்டுக் கணக்கு. நெய்யில் வறுத்த முந்திரியும் ஏலப்பொடியும் சேர்த்து இறக்கி, கொதி அடங்கிய பின்னரே பச்சைக் கற்பூரத்தைத் தூவவேண்டும். அடுப்பின்மேல் இட்டால் ஆவியாய்ப் போய்விடும். அளவு, ஒரு பானைக்குக் கடுகளவு. கூடினால் பொங்கல் மருந்தாகிவிடும். அது மட்டுமன்று, கற்பூரம் அளவு மீறினால் நஞ்சு. சிறு குழந்தைகள் ஒரு கிராம் அளவினை விழுங்கி வலிப்புக் கண்டு மாண்டது மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளது. பூசைக்கு ஏற்றும் சூடவில்லை பெரும்பாலும் டர்ப்பென்டைன் எண்ணெயினின்று செய்யப்படுவது, உண்ணத் தக்கதன்று. வெள்ளை மிட்டாய் போலத் தோன்றுதலின், அதனைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தல் இன்றியமையாதது. பண்டைக்காலத்தில் சுமத்திராத் தீவின் பாரூஸ் துறையே உயர்ந்த கற்பூரத்திற்குப் பேர்போனது. அதன் அருகில் லோபு துவா என்னுமிடத்தில் தமிழ் வணிகர் குழு 1088இல் நிறுத்திய தமிழ்க் கல்வெட்டு 1873இல் கண்டெடுக்கப்பட்டது. அத்துணைத் தொலைவு கடல்கடந்து வந்த பொருளைக் கடுகளவாகச் செலவிட்டதில் சிக்கனமும் இருந்திருக்கும்.

அன்றிரவு இறுதியில் வந்தது பொரியுருண்டை. வெல்லப்பாகு நீரிற் சொட்டினால் கரையாது திரண்டு, எடுத்துத் தட்டினால் ‘டங்’கென்று ஒலிக்கும் பதம் வரவேண்டும். பின்னர் ஏலமும் சுக்கும் இட்டு, நெய்யில் வறுத்த தேங்காய்ப் பல்லையும் பொரியையும் கொட்டிக் கிளறி, சூடு ஆறுமுன் கையில் அரிசிமா தொட்டுப் பிடிக்கவேண்டும். பதம் தவறினால் உருண்டை உதிரும், அல்லது பல் உதிரும். அன்னையார் ஓர் உருண்டையை முதலில் தம் முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து, “சுக்கு சரியாக இருக்கிறது” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். பிறகு சன்னலோரத்து இளைஞரை அழைத்து, “முதலில் கிணற்றடியில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வா, தம்பி, இரண்டாகத் தருகிறேன்” என்றார். அவர் சட்டையையே மாற்றிக்கொண்டு வந்து, மூன்று உண்டார்.