கிளிமஞ்சாரோ சரிவில் காப்பி

தான்சானியாவின் வடபகுதியில், கிளிமஞ்சாரோ மலையின் தெற்குச் சரிவில் வாழும் சாகா மக்கள், கிஹம்பா எனப்படும் வீட்டுத் தோட்டங்களில் வாழை நிழலில் அராபிக்கா காப்பியை வளர்க்கின்றனர். மலைக்காட்டு ஓடைகளின் நீரை அவர்தம் முன்னோர் வெட்டிய ம்ஃபோங்கோ என்னும் வாய்க்கால்கள் தோட்டங்களுக்குக் கொண்டுவருகின்றன.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கத்தோலிக்க மறைப்பணியாளர் இங்கு அறிமுகப்படுத்திய இப்பயிரை, அண்டை நாடான கென்யாவில் ஆப்பிரிக்கர் பயிரிடத் தடை நிலவிய காலத்திலேயே, சாகா உழவர்கள் ஐரோப்பியக் குடியேறிகளின் எதிர்ப்பை மீறித் தமதாக்கிக்கொண்டனர். 1925இல் சங்கம் அமைத்த அவர்கள், 1933இல் கிளிமஞ்சாரோ கூட்டுறவு ஒன்றியத்தை நிறுவினர். காப்பி விற்ற வருவாயில் பள்ளிகளும் எழுந்தன என்பதே இவ்வரலாற்றின் பெருமைக்குரிய பகுதி. 1976இல் அரசு கலைத்த கூட்டுறவுகள் 1980களில் மீண்டும் உயிர்பெற்றன.

பறித்த பழத்தின் தோலைக் கையால் சுழற்றும் எந்திரத்தில் நீக்கி, கொட்டையைச் சூழ்ந்த வழுவழுப்பு கரையும்வரை நொதிக்கவிட்டு, கழுவி, வெயிலில் உலர்த்துவர். மெல்லிய ஓடு நீங்காத இந்நிலைக் கொட்டையே ‘பார்ச்மென்ட்’ ஆகும். ஓடு நீக்கியபின் கொட்டைகள் அளவுவாரியாகத் தரம் பிரிக்கப்படுகின்றன. பழத்துள் இரு பருப்புகளுக்குப் பதிலாக ஒன்றே உருண்டு விளைந்தால் அது ‘பீபெரி’; தமிழகக் காப்பிக் கடைகளிலும் வழங்கும் இப்பெயர், தான்சானியக் காப்பிக்கு உலகச் சந்தையில் தனி அடையாளம் தந்துள்ளது.

மோஷி நகரம் காப்பி ஏலத்தின் மையமாக வளர்ந்தது. எனினும் அராபிக்காவின் அடிப்படை விலை நியூயார்க் சந்தையிலேயே முடிவாகிறது.